மரநிழலில் தரையை மூட எது சரி: திப்பிலியா, வல்லாரையா, கச்சோலமா, மருளா?

மா, புளி, புங்கம் போன்ற அடர்ந்த மரங்களின் கீழே புல்தரை நிலைப்பதில்லை. மழைக்காலத்தில் பச்சையாகத் தெரியும். தை, மாசியில் திட்டுத் திட்டாகக் கருகும். சித்திரை வரும்போது வெறும் மண்தான் மிஞ்சும். அந்த இடத்துக்கு என்ன நடலாம் என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் வெடேலியா, சிங்கோனியம், ட்ரடெஸ்கான்ஷியா ஆகியவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்றுமே அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிகள். வேகமாக மூடும் என்பது உண்மை. ஆனால் வெடேலியா உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கத்தரித்து வீசிய ஒரு தண்டு வாய்க்கால் கரையில் விழுந்தால் போதும், கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கரை முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டின் காடுகளிலும் புதர்நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் மரங்களுக்கு அடியில் தானாகவே வாழப் பழகிய பல்லாண்டுச் செடிகள் நம்மிடம் உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற நான்கை மட்டும் இங்கே ஒப்பிடுகிறோம்: திப்பிலி, வல்லாரை, கச்சோலம், மருள். நான்குமே நிழலைத் தாங்கும். அதனால் "எது நிழலில் வளரும்" என்ற கேள்வியோடு தொடங்கினால் தேர்வு தவறாகவே முடியும். மரத்தடியில் செடி சாவது பெரும்பாலும் வெளிச்சம் போதாமல் அல்ல, தண்ணீர் கிடைக்காமல். மேல்மண்ணின் முதல் 30 சென்டிமீட்டரில் மரத்தின் உறிஞ்சு வேர்கள் வலைபோல் பரவியிருக்கும். தூறலைக் கிளைகளும் இலைகளும் பிடித்துக்கொள்வதால் அது மண்ணுக்கே வந்து சேராது. ஆகவே கோடையில் உங்கள் மரத்தடி மண் எத்தனை நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மண்ணைச் சோதிப்பது எப்படி

சித்திரை அல்லது வைகாசியில், மழை பெய்யாத ஒரு வாரத்தில் இதைச் செய்யுங்கள். அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு சதுர மீட்டர் இடத்தைக் குறித்து, 30 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நான்காம் நாள் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அது ஈர நிழல். பொலபொலவென்று உதிர்ந்தால் வறண்ட நிழல். தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்ந்த வேம்பு, புளி, மா மரங்களின் அடியில் பெரும்பாலும் உதிரத்தான் செய்யும். குமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கங்களிலும், பாசனம் தவறாத தென்னந்தோப்புகளிலும் உருண்டை நிற்பதைப் பார்க்கலாம்.

வடிகாலையும் பார்க்க வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் கொண்ட குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பாதிக் குழி தண்ணீர் நின்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே கிழங்குச் செடிகள் அழுகும்.

வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். நண்பகலில் தாளைத் தரையில் வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு கூராக விழுந்தால் வெளிச்சம் அதிகம். மங்கலாக விழுந்தால் நடுத்தர நிழல், நான்கு செடிகளுக்குமே அது ஏற்றது. நிழலே தெரியவில்லை என்றால் எந்தச் செடியும் அடர்ந்து மூடாது. முதலில் மரத்தின் தாழ்ந்த கிளைகளில் சிலவற்றை எடுத்துவிட வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் உதிர்ந்த இலைகளையே தரைக்குப் போர்வையாக விட்டுவிடுவது நல்லது.

திப்பிலி: ஈர நிழலில் முதல் தேர்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் தரையோடு படர்ந்து கிடக்கும் செடி இது. மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய சொந்தம். கணுக்கள் மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். கீழ் இலைகள் நீண்ட காம்புடன் இதய வடிவில் இருக்கும். காய்க்கும் கிளைகளின் இலைகள் காம்பில்லாமல் தண்டைத் தழுவி நிற்கும். உயரம் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை வரும். தண்ணீர் தவறாமல் கிடைத்தால் 6 முதல் 8 மாதங்களில் மண் கண்ணுக்குத் தெரியாது. நான்கிலும் களையை நன்றாக அமுக்குவது இதுதான்.

இதை நடும் முறை எளிது. ஓராண்டு வயதுள்ள கொடியிலிருந்து மூன்று கணு உள்ள துண்டுகளை வெட்டுங்கள். மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து பைகளில் நிரப்பி, பைக்கு இரண்டு துண்டு வீதம், இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி நிழலில் வையுங்கள். மூன்று வாரத்துக்குள் வேர் பிடிக்கும். இரண்டு மாதத்தில் நடவுக்குத் தயார். வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் ஆவணி தொடக்கத்தில் துண்டு ஊன்றி ஐப்பசியில் நடலாம். தென்மேற்கு மழை பெறும் இடங்களில் பங்குனியில் ஊன்றி வைகாசி இறுதியில் நடலாம். 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 10 சதுர மீட்டருக்கு 40 செடி வேண்டும். கொடி ஒரு சாண் நீண்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் நீளமாக ஓடி, நடுவில் வழுக்கை விழும்.

சிக்கல்கள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கோடையில் வாரம் ஒருமுறையாவது, வேர் நெருக்கமான மரத்தடியில் இருமுறை, சதுர மீட்டருக்கு 10 லிட்டர் கொடுக்க வேண்டும். காய விட்டால் வாடுவதோடு நிற்காது, மாவுப்பூச்சி வேரில் குடியேறும். திட்டுத் திட்டாக இலை மஞ்சளாகி, செடியடியில் எறும்பு ஊர்ந்தால் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தத் திட்டை வேரோடு அகற்றி, சுற்றிலும் வேப்பம் புண்ணாக்கு இட்டு, மண் நனைய நீர் விடுவதே சரியான வழி. இளம் இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து சுருண்டால் அது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை. 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். அடைமழையில் இலைகள் நனைந்த துணிபோல் கருத்து அழுகினால் பூஞ்சாண நோய். தாக்கிய கொடிகளை வெட்டி எடுத்துவிட்டு 1 சதவீத போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். அதாவது 1 லிட்டர் நீரில் 10 கிராம் மயில்துத்தமும் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பும். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது.

திப்பிலியில் ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி. பெண் கதிர் குட்டையாகவும் தடித்தும் இருக்கும், ஆண் கதிர் மெலிந்து நீளமாக இருக்கும். தரையை மூட எது இருந்தாலும் சரி. திப்பிலி பறிக்கவும் வேண்டும் என்றால் பெண் கொடியிலிருந்து துண்டு எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'விஸ்வம்' ரகம் அதற்கு ஏற்றது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய கொடியைப் பிடுங்கும்போது கிடைக்கும் தடித்த வேரும் அடித்தண்டும்தான் கண்டந்திப்பிலி. வெட்டிக் காயவைத்து ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் உயரத்துக்கு அடர்ந்த எந்தச் செடியும் எலிக்கு மறைவிடம், எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 60 சென்டிமீட்டர் தள்ளியே திப்பிலியை நிறுத்துங்கள்.

வல்லாரை: தாழ்வானது, ஆனால் செல்லப்பிள்ளை

10 சென்டிமீட்டருக்குள் நிற்கும் பச்சை விரிப்பு வேண்டுமென்றால் வல்லாரைக்கு இணை இல்லை. ஓடுதண்டுகள் கணுதோறும் வேர்விட்டு, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 3, 4 மாதங்களில் ஒன்றோடொன்று கைகோத்துவிடும். 10 சதுர மீட்டருக்கு 160 கன்று தேவை. ஒரு தட்டு கன்று வாங்கிப் பிரித்துப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் இது இயல்பில் காட்டுக்குள் வாழும் செடியல்ல, காட்டோரத்து ஓடைக்கரைச் செடி. மண் ஒரு வாரம் காய்ந்தால் ஓடுதண்டு கருகிவிடும். அடர் நிழலில் இலைக்காம்பு நீண்டு, இலைகள் பெரிதாகி, விரிப்பு ஓட்டையாகும். பாதி வெளிச்சமும் நாள்தோறும் ஈரமும் உள்ள இடம்தான் இதன் சொந்த இடம். குளியலறைத் தண்ணீரை அங்கே திருப்பிவிடலாம் என்று தோன்றும். பறித்துச் சமைப்பதாக இருந்தால் வேண்டாம், கழிவுநீரில் உள்ளவற்றை வல்லாரை எளிதில் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு தடை, இலையுதிர்வு. மா, பலா மரங்களின் தடித்த இலை இதன்மேல் விழுந்து ஒரு வாரம் கிடந்தால் அடியிலுள்ள செடி வெளுத்து அழுகும். வாரம் இருமுறை கூட்ட முடியாதவர்கள் பெரிய மரத்தடியில் இதை நட வேண்டாம். திப்பிலிக்கு இந்தத் தொல்லை இல்லை, விழும் இலை கொடிகளுக்கு இடையே இறங்கி அங்கேயே மக்கிவிடும். ஆப்பிரிக்கப் பெருநத்தை இருக்கும் ஊர்களில் அது முதலில் தேடி வருவதும் வல்லாரையைத்தான். இரவில் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கி, உப்புக் கரைசல் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவக் கூடாது.

வாங்கும்போது இலைக்காம்பைப் பாருங்கள். வல்லாரையின் இலை சிறுநீரக வடிவில், அடியில் பிளவுபட்டு, அந்தப் பிளவில் காம்பு சேரும். காம்பு வட்ட இலையின் நடு மையத்தில், குடைக்கம்பிபோல் சேர்ந்திருந்தால் அது வெளிநாட்டு நீர்ச்செடி. வல்லாரை என்ற பெயரிலேயே அது பல இடங்களில் விற்பனையாகிறது.

கச்சோலம்: அழகில் முதலிடம், ஆனால் பாதி ஆண்டு தூங்கும்

இஞ்சிக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் கெம்ப்ஃபீரியா கலங்கா. இந்தியா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வளர்கிறது. ஒவ்வொரு கிழங்கும் இரண்டு மூன்று அகன்ற வட்ட இலைகளைத் தரையோடு ஒட்டினாற்போல் விரிக்கும். மழை மாதங்களில் இலைகளின் நடுவே ஊதாப் பொட்டிட்ட வெள்ளைப் பூ காலையில் மலர்ந்து வெயில் ஏற ஏற வாடும், மறுநாள் வேறொன்று மலரும். இலையையோ கிழங்கையோ கசக்கினால் வரும் வாசனை தனி.

20க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டியிருப்பதால் சதுர மீட்டருக்கு 33 துண்டு, 10 சதுர மீட்டருக்கு 330க்கும் மேல் தேவைப்படும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளைக்கண்ணாவது இருக்க வேண்டும். 4, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ மக்கிய எருவை அடியிலேயே கலந்துவிடுங்கள். வைகாசியில், கோடைமழை விழுந்தவுடன் நடுவது சரியான காலம். 'கஸ்தூரி', 'ரஜனி' என்ற இரண்டு ரகங்கள் கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை, தோட்டத்துக்கு இரண்டும் ஒத்துவரும்.

இதன் குறையை மறைக்க முடியாது. மார்கழி, தையில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, அடுத்த கோடைமழை வரை மண்ணுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டி எறிபவர்களும், எழுப்பிவிடலாம் என்று தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுக வைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். தூக்கத்தில் இருக்கும் கிழங்குக்குக் காய்ந்த மண்தான் பாதுகாப்பு. இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, இரண்டு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி விட்டுவிடுங்கள். ஆண்டு முழுக்கப் பச்சை வேண்டும் என்றால் கச்சோலத்தைத் தனியாக நடவே கூடாது. குழிச் சோதனையில் தண்ணீர் நின்ற மண்ணிலும் நடக் கூடாது.

மருள்: வறண்ட நிழலுக்கு ஏற்ற செடி

மண் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்த இடத்துக்கு எங்கள் பதில் மருள். சோழமண்டலக் கடற்கரைப் பகுதியின் புதர்க்காடுகளில் இயல்பாக வளரும் செடி. விறைத்த, நடுவில் வாய்க்கால்போல் குழிந்த தடித்த இலைகள் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். பச்சையின் மேல் கருமையான குறுக்குப் பட்டைகள் ஓடும். முற்காலத்தில் வில்லின் நாணுக்கு இதன் நாரைத்தான் முறுக்கினார்கள். நர்சரிகளில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்கும், மஞ்சள் விளிம்பு கொண்ட தட்டையான அகல இலைச்செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த உறவினர். குழிந்த இலையைப் பார்த்து வேறுபடுத்துங்கள்.

பலரும் இதைக் கிரவுண்ட் கவர் (தரையை மூடும் செடி) என்று எண்ணுவதே இல்லை, படராதே என்பார்கள். மேலே படராது. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஊர்ந்து புதுக் கொத்துகளை எழுப்பும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் மூட இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆகும். அதுதான் இதன் ஒரே பெரிய குறை. கிழங்குத்தண்டோடு பிரித்து நடுவதே வேகமான வழி. இலையை 8 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, மணலில் பாதி புதைத்தும் பெருக்கலாம். மேல்நுனி மேலேயே இருக்க வேண்டும், தலைகீழாக ஊன்றினால் வேர் வராது. இந்த வழியில் புது முளை காண மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் பத்து நாளுக்கு ஒருமுறை நீர் விட்டால் போதும். பிறகு கடும் வறட்சியில் மட்டும் மாதம் ஒருமுறை. அதிகமாக ஊற்றினால்தான் இதைக் கொல்ல முடியும். அடி மஞ்சளாகி, இலையை இழுத்தால் கையோடு வந்தால் கிழங்குத்தண்டு அழுகியிருக்கிறது. மழைக்காலத்தில் கொத்துகளின் நடுவே சேரும் சருகையும் ஒருமுறை எடுத்துவிட வேண்டும், அது ஈரத்தைத் தேக்கி அழுகலைத் தொடங்கி வைக்கும்.

எந்த மரத்தடியில் எது

காய்க்கும் மாமரத்தடியில் திப்பிலியும் வல்லாரையும் வேண்டாம். இதற்கான காரணம் பலருக்குத் தோன்றாது. மா பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் மண் காய்ந்திருக்க வேண்டும், அப்போது வாரந்தோறும் தண்ணீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். அங்கே மருளையும் கச்சோலத்தையும் கலந்து நடுங்கள். மருளை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவே கச்சோலத் துண்டுகளை ஊன்றினால் மழை மாதங்களில் வட்ட இலைகள் இடைவெளியை நிரப்பும், கோடையில் மருள் நிற்கும். தண்ணீர் நிறுத்தும் காலத்தில்தான் கச்சோலமும் தூங்கப் போகிறது என்பதால் மூன்றுக்கும் ஒத்துப்போகிறது. இந்த நான்கு செடிகளில் அமையக்கூடிய கூட்டணிகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுவே.

தென்னைக்கு எப்படியும் நீர் பாய்ச்சுகிறோம், கீற்று வழியே வெளிச்சமும் சல்லடையாக இறங்குகிறது. அங்கே திப்பிலிதான். அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாத்தியை உரமிடுவதற்கு விட்டுவிட்டு அதற்கு வெளியே நடுங்கள். வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலை உதிர்ப்பதால் வெயில் ஏறும் நேரத்தில் நிழல் போய்விடும். வல்லாரை கருகும், திப்பிலி வெளுக்கும், மருள் அசையாது. பலா மரத்தடியில் மண் ஈரமாக இருந்தால் திப்பிலி, இல்லையேல் மருள். வல்லாரைக்கு மரத்தடியைவிட வீட்டின் வடக்குச் சுவரோரமும் குழாயடியும்தான் பொருத்தம்.

திப்பிலியையும் கச்சோலத்தையும் ஒரே பாத்தியில் சேர்க்காதீர்கள். ஒரே மழைக்காலத்தில் கொடி ஏறிக் கச்சோலத்தின் இலையை மூடிவிடும்.

வேருக்கு இடையே நடுவது

மரத்தடி முழுவதையும் கொத்திக் கிளறக் கூடாது. மண்ணைக் கொட்டி மட்டத்தை உயர்த்தவும் கூடாது. அடிமரத்தைச் சுற்றி மண் ஏறினால் பட்டை அழுகும், உறிஞ்சு வேர்களுக்குக் காற்று தடைபடும். சிறு கடப்பாரையால் வேர்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைத் தேடி, 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி எடுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் குறுக்கிட்டால் குழியை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு கைப்பிடி மக்கிய எருவும், வறண்ட இடமானால் ஊறவைத்த தேங்காய் நார்த்தூள் ஒரு கைப்பிடியும் கலக்கலாம். மருளுக்கு மட்டும் நார்த்தூள் வேண்டாம், அதற்குப் பதில் மணல். பெரிய தொட்டிச் செடியைவிடச் சிறிய கன்றே இங்கே நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பெரிய குழி தேவையில்லை.

நடுமுன் கோரையைத் தீர்த்துவிடுங்கள். நிழலில் அது மெலிந்தாலும் விளிம்புகளில் தப்பி நிற்கும், மேலே பிடுங்கினால் கிழங்கு அடியில் தங்கிவிடும். மூன்று வார இடைவெளியில் மூன்று முறை கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே கன்றுகளை வையுங்கள். நட்ட பின் மரத்தின் இலைகளையே நொறுக்கி 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். முழு மாவிலைகளை அப்படியே போட்டால் ஓடு வேய்ந்ததுபோல் மழைநீரை வழிய விட்டுவிடும்.

காப்புக் காட்டிலிருந்து செடி பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். நான்கும் மூலிகைப் பண்ணைகளிலும் வளர்ப்பவர்களிடமும் கிடைக்கும், ஒரு முறை வாங்கினால் பிறகு துண்டு, கிழங்கு, ஓடுதண்டு மூலம் நீங்களே பெருக்கலாம். எதை நடுவது என்று இன்னும் தயக்கமாக இருந்தால் முழு இடத்துக்கும் வாங்காமல், 1 சதுர மீட்டர் அளவில் திப்பிலியும் மருளும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஒரு கோடையைக் கடக்க விடுங்கள். ஆனியில் திப்பிலியின் கணுக்கள் புது வேர்விட்டு நின்றால் அதையே பரப்பலாம். இலை உதிர்த்துத் தண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த இடம் மருளுக்கு உரியது.